வடக்குத்தெரு ஃபேமிலி

வெள்ளி, இரவு 8:14

முருகேசன்: ஆடி அமாவாசைக்கு வேதாரண்யம் வேன் சொல்லணும். எத்தனை பேர் என்று காலையில் கேட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை

மணி: 🙏🌹 இன்றைய ராசிபலன் (வீடியோ)

ரம்யா: மாமா ஒரு நிமிஷம். கவினுக்கு அந்த கப்பல் பேய் சீரியல போட்டு காமிச்சது யாரு

ரம்யா: மூணு நாளா அவன் பாத்ரூம் போனா நான் வாசல்ல காவல் நிக்க வேண்டியிருக்கு. நேத்து ராத்திரி ஃப்ரிட்ஜ்ல ஐஸ் ட்ரே டக்குனு சத்தம் போட்டுச்சு, எந்திரிச்சு உக்காந்து அம்மா கப்பல் உடையுதுங்குறான்

திவ்யா: 😂😂

திவ்யா: சாரி அண்ணி

செல்வி: புள்ளைக்கு காச்சல் இருக்கா

ரம்யா: காச்சல்லாம் இல்ல அத்த. அவங்க அப்பா அனுப்பின குலாப்ஜாமுன் டின்ன திறக்க விடமாட்டேங்குறான், அதுல ஈயம் இருக்காம், தின்னா பைத்தியம் புடிக்குமாம்

செந்தில் துபாய்: டேய் பாஸ்கர்

பாஸ்கர்: நான் பாத்துட்டு இருந்தேன் அவனா வந்து உக்காந்தான்

செந்தில் துபாய்: யாரு அக்கவுண்ட்ல பாத்த

பாஸ்கர்: அண்ணா அது வேற விஷயம்

செல்வி: தர்காவுல ஒரு தண்ணி மந்திரிச்சு குடுத்தா சரியாயிரும். நம்ம திவ்யாவுக்கே சின்னதுல அப்படித்தான் பண்ணோம்

திவ்யா: அத்த அது நாய் தொரத்துனதுக்கு

பாஸ்கர்: அண்ணி பேய்க்கதைன்னு நினைக்காதீங்க அது நெசமா நடந்தது. தி டெரர்னு பேரு, 2018ல வந்துச்சு, மொத்தம் 10 எபிசோடு. 1845 மே மாசம் இங்கிலாந்துலேர்ந்து எரிபஸ், டெரர்னு ரெண்டு கப்பல் கெளம்புது, கனடாவுக்கு வடக்கால ஐஸ் கடல் வழியா பசிபிக் பக்கம் போக ரூட் கண்டுபுடிக்கணும். தலைவர் சர் ஜான் பிராங்க்ளின். 3 வருஷத்துக்கு சாப்பாடு ஏத்திக்கிட்டு போறாங்க, 8000 டின் கிட்ட. டின் சப்ளை பண்ண ஆளு அவசர அவசரமா ஈயம் வெச்சு பத்தவெச்சு குடுத்துட்டான். 129 பேர் ஐஸ்குள்ள போனாங்க ஒருத்தன்கூட திரும்பல

செல்வி: கப்பலுக்கு யாராச்சும் பயங்கரம்னு பேரு வெப்பாங்களா

பாஸ்கர்: குண்டு போடற கப்பல் அத்த, சண்டைக்கு கட்டினது, அதான்

செல்வி: நம்மூர்ல நாகப்பட்டினத்துலேர்ந்து ரஜூலான்னு எவ்ளோ லட்சணமா ஒரு கப்பல் போச்சு

மணி: அதுல போனவனும் திரும்பலயே 😄

இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

முருகேசன்: வேன்

ரம்யா: டின் விஷயத்துக்கு வாங்க தம்பி. அவன் பாயசமும் வேணாங்குறான், மில்க்மெய்டும் டின்லதான வருதாம்

பாஸ்கர்: ஈயந்தான் முழுக்காரணம்னு இப்ப ஆராய்ச்சி பண்றவங்க ஒத்துக்கறதில்ல அண்ணி. குளிர், பட்டினி, வியாதி எல்லாஞ் சேந்துதான். இப்ப வர்ற டின்ல அப்படி ஈயம் வெக்கறதில்லன்னு சொல்லுங்க

ரம்யா: நீங்க வந்து சொல்லுங்க. நான் சொன்னா உனக்கு சர் ஜான் பிராங்க்ளின் தெரியுமாங்குறான்

செந்தில் துபாய்: 🤣 என் புள்ள

திவ்யா: அந்த பெரிய கரடி மாதிரி வருமே அதுவும் நெசமா அண்ணா

பாஸ்கர்: இல்ல, அது கத எழுதினவர் சேத்தது. துன்பாக்னு பேரு

மணி: பேரே துன்பமால்ல இருக்கு

திவ்யா: மாமா 👏👏

பாஸ்கர்: ஆனா அந்த மிருகத்த தூக்கிட்டு பாத்தாலும் பயமாதான் இருக்கு, எனக்கு அதான் புடிச்சுது. 1846 செப்டம்பர்ல கப்பல் ரெண்டும் ஐஸ்ல மாட்டுது, அடுத்த வெயில்காலம் வந்தும் ஐஸ் உருகல. 47 ஜூன்ல பிராங்க்ளின் செத்துட்டாரு. 48 ஏப்ரல்ல மிச்சமிருந்த 105 பேரும் கப்பல விட்டு எறங்கி தெக்க நடக்கறாங்க, படகுகள இரும்புச் சறுக்கு மேல ஏத்தி கயித்த தோள்ல போட்டு இழுத்துக்கிட்டு. இந்த தேதியும் ஆள் கணக்கும் அவங்க எழுதி கல்லுக்குவியல்ல வெச்சுட்டுப் போன ஒரு துண்டுப் பேப்பர்ல இருக்கு. அதுக்கப்புறம் ஒரு எழுத்து கெடையாது. போற வழியில ஒருத்தர ஒருத்தர்

ரம்யா: போதும் குரூப்ல கவினும் படிப்பான் என் போன்தான அவன் கையில

பாஸ்கர்: சரி சரி

ரம்யா: அவன் கேக்கறான் அந்த நாய்க்கு என்னாச்சுன்னு

பாஸ்கர்: எந்த நாய்

ரம்யா: கப்பல்ல இருந்த நாய். நெப்டியூனாம்

செல்வி: ஆளு செத்ததுக்கு அழுவாம நாய கேக்குறான் பாரு, அப்படியே எங்கண்ணன்

முருகேசன்: அந்தப் பேப்பரை விடு. அங்கேயே வாழ்ந்த எஸ்கிமோக்கள் அன்றைக்கே எல்லாம் சொன்னார்கள். ஜான் ரே என்பவர் 1854இல் அவர்களிடம் விசாரித்து, பசியில் மனித மாமிசம் தின்றதையும் லண்டனுக்கு எழுதினார். நாவல்கள் எழுதிய டிக்கன்ஸே அதை நம்பாமல் பத்திரிகையில் அந்த ஜனங்களைக் காட்டுமிராண்டி பொய்யர் என்று எழுதினார்

ரம்யா: மாமா 🙏 கவின்

திவ்யா: எஸ்கிமோ இல்லப்பா இனுயிட்

முருகேசன்: 34 வருடம் பாடம் நடத்தியவனுக்கு நீ சொல்கிறாய்

பாஸ்கர்: பெரியப்பா சொல்றது கரெக்ட். எரிபஸ் 2014ல கெடச்சுது, டெரர் 2016லதான். அதுவும் எப்படின்னா, தேடப்போன கப்பல்ல வேலைக்கு வந்த ஒரு இனுயிட் ஆளு சொல்றாரு, சில வருஷம் முன்ன மீன் புடிக்க போறப்ப ஐஸுக்கு மேல ஒரு கட்டை நீட்டிக்கிட்டு நின்னுச்சு, கட்டிப்புடிச்சு போட்டோ எடுத்தேன், வீட்டுக்கு வந்தா கேமராவ காணும், சொன்னா நம்பமாட்டாங்கன்னு பேசாம இருந்துட்டேன்னு. அங்க போய் பாத்தா அந்தப் பக்கமே கப்பல் கடலுக்கடியில முழுசா உக்காந்துருக்கு

மணி: கேமரா தொலஞ்சுதுன்னு இவளும்தான் சொன்னா கொடைக்கானல்ல

செல்வி: உங்கள கேட்டாங்களா

இரவு 9:02

திவ்யா: அப்பாயி என்ன கதன்னு கேக்குது. சொன்னேன். அந்த தலைவர் பொண்டாட்டி என்ன பண்ணுச்சுன்னு கேக்குது

பாஸ்கர்: அப்பாயிக்கு சொல்லு, ஜேன்னு பேரு. கப்பலா அனுப்பி தேடவெச்சாங்க, சொந்தக் காசையும் போட்டு. 1854ல அரசாங்கம் எல்லாரும் செத்தாச்சுன்னு கணக்க முடிச்சுட்டு பென்ஷன் தர்றோம்னுச்சு. வேணாம்னுட்டு துக்கத்துக்கு போட்ட கறுப்பு துணிய கழட்டிப்போட்டு பச்சையும் ரோஸுமா கட்ட ஆரம்பிச்சாங்க, எம்புருஷன் உசுரோட இருக்காருன்னு

திவ்யா: அப்பாயி ஒண்ணும் சொல்லல

திவ்யா: இரு சொல்லுது. "எங்க பெரியாயி மாதிரி"ன்னுச்சு

செல்வி: ஆமா. சாவுற அன்னிக்கும் பொட்டு வெச்சு பூ வெச்சுதான் கெடந்தாங்க. நான்தான் கால்மாட்டுல உக்காந்துருந்தேன். கழுத்துல தாலிக்கயிறு மஞ்சள் பூசி புதுசா இருந்துச்சு

செந்தில் துபாய்: யாரு

செல்வி: உங்க தாத்தாவோட அண்ணன் சம்சாரம்டா. 1937ல அந்த ரஜூலால மலாயா போனாரு பெரிய தாத்தா. சண்ட வந்ததுக்கப்புறம் கடுதாசி நின்னுபோச்சு

பாஸ்கர்: இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு பாருங்க, அதே சீரியல் ரெண்டாவது சீசன் 2019ல வந்துச்சு, அதுல கப்பல் இல்ல. அமெரிக்காவுல டெர்மினல் ஐலண்டுன்னு ஜப்பான்காரங்க மீன் புடிக்கற ஊரு. ஜப்பானோட சண்டன்னு 1942 பிப்ரவரில 48 மணி நேரத்துல காலி பண்ணுங்கன்னு வெரட்டிட்டாங்க. மொத்தமா 1,20,000 பேர் கிட்ட கேம்ப்ல அடச்சாங்க, பாதிக்கு மேல அமெரிக்காவுலயே பொறந்தவங்க. குதிர ரேஸ் மைதானத்து லாயத்துல சாணி நாத்தத்துல படுக்க வெச்சாங்க. அதுல நடிச்ச ஜார்ஜ் டகேய்ங்கற பெரியவரே 5 வயசுல அப்படி அடைபட்டவருதான். பேய் என்னன்னா, பெத்த புள்ளைய தேடிக்கிட்டு வர்ற அம்மாவோட ஆவி

ரம்யா: அதையும் பாத்தானா

பாஸ்கர்: மொத ரெண்டு எபிசோடு மட்டும் அண்ணி

ரம்யா: 🤦‍♀️

முருகேசன்: அங்கே ஜப்பான்காரனை அடைத்தார்கள். அதே சண்டையில் இங்கே ஜப்பான்காரன் மலாயா தோட்டத்துத் தமிழனை லாரியிலும் ரயிலிலும் ஏற்றி சயாமுக்கு, இப்போதைய தாய்லாந்துக்குக் கொண்டு போனான். பர்மாவரைக்கும் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட. வெள்ளைக்கார கைதிகள் செத்தது பன்னிரண்டாயிரத்துக்கு மேல், அவர்களுக்குக் கல்லறை இருக்கிறது பெயர் இருக்கிறது. நம் ஆட்கள் காலராவில் எத்தனை பேர் செத்தார்கள் என்று சரியான கணக்கே கிடையாது. எங்கள் பெரியப்பாவையும்

முருகேசன்: வேண்டாம் விடுங்கள்

செல்வி: ஏன் விடணும். கோட்டூர்காரர் ஒருத்தர் திரும்பி வந்து திண்ணையில உக்காந்து சொன்னாருல்ல, சயாம் லைன்ல பாத்தேன், மூங்கில் கொட்டாயில காச்சலா கெடந்தாருன்னு. யாராச்சும் நம்புனீங்களா. குடிகாரன்னு வெரட்டி விட்டாங்க

முருகேசன்: அப்பா விரட்டினார். நான் அப்போது பிறக்கவே இல்லை

செல்வி: நம்பியிருந்தா கீழவயல்ல பெரியாயிக்கு பாதி குடுக்கணுமே

மணி: செல்வி

செந்தில் துபாய்: அத்த இப்ப இது எதுக்கு

முருகேசன்: கீழவயல் கைநாட்டு வைத்து முறையாகத்தான் எழுதியது. பத்திரம் என்னிடம் இருக்கிறது. குரூப்பில் பேச வேண்டாம்

பாஸ்கர்: சாரி பெரியப்பா நான் சீரியல்தான் சொல்ல வந்தேன்

திவ்யா: 👀

இரவு 9:40

செல்வி: நான் வயல கேக்கல. வேதாரண்யத்துல ஐயர் பேரு கேக்கறப்ப அவர் பேரையும் சொல்லணும். இத்தன வருஷம் ஒரு எள்ளும் தண்ணியும் எறைக்கல

முருகேசன்: பெரியம்மா உயிரோடு இருந்தவரை எறைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். அம்மாவைக் கேளுங்கள்

செல்வி: அவங்க போயி 30 வருஷம் ஆச்சுண்ணே

ரம்யா: கவின் கேக்கறான் பெரிய தாத்தாவும் பேயா வருவாரான்னு. யாராவது நல்ல பதிலா சொல்லுங்க

பாஸ்கர்: வந்தா நம்ம வீட்டு அட்ரஸ் தெரியாது அவருக்கு, கூரவீடுதான் தெரியும்னு சொல்லுங்க

ரம்யா: அய்யோ இன்னும் அழுவுறான். பாவம் வழி தெரியாம நிப்பாருங்குறான்

செந்தில் துபாய்: பாஸ்கர் நீ பேசாத. நான் பாஸ்வேர்ட மாத்திட்டேன்

பாஸ்கர்: அண்ணா கடைசி எபிசோடு பாக்கி இருக்கு 😭

திவ்யா: அப்பாயி சொல்லுது, "ஐயர்ட்ட பேரு சொல்ல வேணாம். அவ கோச்சுக்குவா. வீட்ல படைக்கறப்ப எல 1 கூட போட்டுருங்க, யாருக்குன்னு கேக்காதீங்க"

செல்வி: அதெப்படி பேரில்லாம

முருகேசன்: பார்க்கலாம்

மணி: வேன் 12 சீட்டா 17 சீட்டா. 17ன்னா இன்னைக்கே அட்வான்ஸ் கேக்குறான்

ரம்யா: நாங்க ரெண்டு பேர் மாமா. கவினுக்கு ஜன்னல் சீட் வேணாமாம்

திவ்யா: அண்ணா அந்த நாய் கேள்விக்கு பதில் சொல்லல நீ

பாஸ்கர்: டைப்பிங் பண்றேன் இரு