கண்ணாடி நிலைப் பிளாஸ்டிக்கில் வாயு கரைதல்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

செங்கலடி:
வந்தாறுமூலையில் படித்த காலத்தில் ஹென்றி விதியோடு விஷயம் முடிந்துவிடும். அமுக்கம் இரட்டித்தால் கரைவதும் இரட்டிக்கும், கணக்கைப் போட்டுவிட்டு கன்டீனுக்குப் போகலாம். மேற்படிப்பில் பொலிகாபனேற்றுப் படலத்துக்குள் காபனீரொட்சைட்டைச் செலுத்தி வரைபு போட்டால் நேர்கோடு வரவில்லை. தொடக்கத்தில் விறுவிறுவென ஏறி, அப்புறம் சாய்ந்து போகிறது. ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்குக் கீழே அந்தப் பல்பகுதியம் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பிளாஸ்டிக்) கண்ணாடி நிலைக்கு வந்துவிடும். சங்கிலிகள் அடங்கி ஒடுங்க முன்னமே அசைவு நின்றுவிடும். கல்லடிக் கரையில் குவித்த வலை அப்படியே உறைந்தால் நடுவில் எத்தனை சந்து இருக்கும், அந்த மாதிரி. வாயுவில் ஒரு பங்கு வழமைபோல் கரைகிறது, மறு பங்கு சந்துகளில் போய்க் குந்துகிறது. கரையும் பங்குக்கு ஹென்றி விதியையும், சந்துகளில் குந்தும் பங்குக்கு லாங்மியூர் விதியையும் கூட்டிய இரட்டை முறை மாதிரியுரு இதுதான். மூன்று மாறிலிகளை வைத்து வரைபை அழகாகப் பொருத்திவிடலாம். ஆனால் வேறொரு படலத்துக்கு முன்கூட்டிச் சொல் என்றால் அது வாயே திறக்காது.

கல்முனை:
எங்கள் ஆய்வுகூடத்தில் இதைவிடப் பெரிய கூத்து. அமுக்கத்தை ஏற்றும்போது ஒரு கோடு, இறக்கும்போது அதற்கு மேலே இன்னொரு கோடு. கசிவு என்று சந்தேகப்பட்டு மூட்டுக்கு மூட்டு சவர்க்கார நுரை பூசிப் பார்த்தோம், ஒரு குமிழிகூட இல்லை. உயர் அமுக்கத்தில் காபனீரொட்சைட்டு படலத்தை ஊத வைத்துவிடுகிறது. வாயு வெளியேறினாலும் சங்கிலிகள் உடனே பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. சமநிலையே இல்லாத பொருளுக்குச் சமநிலைச் சமன்பாட்டை எழுதினால் எப்படிச் சரிவரும்?

செங்கலடி:
அதற்குத்தான் இத்தாலியின் பொலோஞாவில் டோகியேரி, சார்த்தி இருவரும் 1996இல் ஒரு வழி சொன்னார்கள். சான்செஸ், லாகோம்ப் இருவரின் 1976ஆம் ஆண்டுச் சாலகப் பாய்ம மாதிரியுருவை (மூலக்கூறுகளும் வெற்றிடங்களும் கட்டம் கட்டமாக அடுக்கியிருப்பதாகக் கொள்வது) எடுத்து, பல்பகுதியத்தின் அடர்த்தியைச் சமன்பாட்டில் தேடாமல் அளந்த பெறுமானத்தையே உள்ளே வைத்தார்கள். உலர்ந்த படலத்தின் அடர்த்தி கையில் இருந்தால், தாழ் அமுக்கத்தில் கரைதிறனை முன்கூட்டியே சொல்லலாம். ஊத வைக்கும் வாயு என்றால், அமுக்கத்தோடு படலம் எவ்வளவு ஊதும் என்று சொல்கிற ஊதல் குணகம் ஒன்றும் வேண்டும். சிக்கல் எல்லாம் அந்த அடர்த்தியில்தான்: சின்னப் பிசகுகூட விடையைத் தூக்கிப்போடும். ஒரே தூளில் செய்த படலமாக இருந்தாலும், ஒன்றைச் சூடாக்கிப் பதப்படுத்தி மற்றதை விட்டால் இரண்டு விடை வரும். ஆகவே அடர்த்தியை நீங்களே அளவுங்கள், அட்டவணையில் இருந்து எடுக்காதீர்கள்.

காத்தான்குடி:
எனக்குச் சமன்பாடு விளங்காது தம்பிமார். கடையில் வெயில் படுகிற தட்டில் வைத்த சின்னச் சோடாப் போத்தல் மட்டும் ஏன் கெதியாகக் காஸ் இறங்குகிறது?

செங்கலடி:
நானா, அந்தப் பிளாஸ்டிக் போத்தலும் 70 பாகை அளவு வரை கண்ணாடி நிலைதான். சூட்டில் சுவருக்குள் கரைவது குறைந்தாலும், கரைந்தது ஊடுருவி ஓடுகிற வேகம் அதைவிடக் கூடிவிடும். சின்னப் போத்தலில் உள்ளே இருக்கிற சோடாவோடு பார்க்கச் சுவர்ப் பரப்பு அதிகம். பெரியதை வெயிலில் வைத்தாலும் சின்னதை உள்ளே எடுங்கள்.