ஒரே கணக்கு, இசட்ல பண்ணா ரிஜெக்ட், டி-ல பண்ணா ரிஜெக்ட் இல்ல, எக்செல்ல 0.977 வருது. எது சரி?

வெண்முகில்:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல சிங்கிள் மீன் ஹைப்பாதெசிஸ் டெஸ்டிங் போயிட்டிருக்கு, ஒரு கணக்குல மாட்டிக்கிட்டேன், யாராவது கொஞ்சம் பாத்து சொல்லுங்க ப்ளீஸ்.

கணக்கு இதுதான்: ஒரு வகை பேட்டரி சராசரியா 20 மணி நேரம் ஓடும்னு சொல்லப்படுது. 16 பேட்டரிய ரேண்டமா எடுத்து ஓட விட்டுப் பாத்ததுல சாம்பிள் சராசரி 19.2 மணி, சாம்பிள் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (எஸ்டி) 1.6. உண்மையான சராசரி 20-லேர்ந்து மாறுபடுதான்னு 5 சதவீத லெவல்ல சோதிக்கவும்.

நான் இசட் ஃபார்முலா போட்டேன், (19.2 − 20) ÷ (1.6 ÷ √16) = −0.8 ÷ 0.4 = −2.0. டேபிள்ல 1.96, அத தாண்டிடுச்சு, அதனால "சராசரி 20 தான்"ங்கிற எச் நாட் ரிஜெக்ட்னு எழுதினேன். கூட படிக்கிற பொண்ணு டி டேபிள்ல 1.753 எடுத்து அவளும் ரிஜெக்ட்னு தான் போட்டிருக்கா. ஆனா விடைப் பக்கத்துல "எச் நாட்டை நிராகரிக்கப் போதுமான ஆதாரம் இல்லை"ன்னு இருக்கு. சரி ஒரு முறை சிஸ்டம்ல போட்டு பாத்துடலாம்னு 16 டேட்டாவையும் எக்செல்ல அடிச்சு இசட்.டெஸ்ட் ஃபங்ஷன் குடுத்தா 0.977-ன்னு வருது, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னே புரியல. விடை தப்பா அச்சாயிருக்குமோ?

தாழம்பூ:
விடை சரிதான் மா. "மாறுபடுதா"ன்னு கேட்டிருக்காங்க, அதனால ரெண்டு பக்க டெஸ்ட், கூடினாலும் குறைஞ்சாலும் பாக்கணும். சிக்மா, அதாவது எல்லா பேட்டரிக்கும் சேத்த உண்மையான எஸ்டி, குடுக்கல, சாம்பிள் எஸ்டி தான் இருக்கு, அதனால டி. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (டி டேபிள்ல எந்த வரிசைய பாக்கணும்னு சொல்ற எண்) 16 − 1 = 15, டேபிள்ல ரெண்டு பக்கத்துக்கு 2.131. உங்க −2.0 அதுக்கு உள்ளயே நின்னுடுது. அவ்ளோதான்.

வெண்முகில்:
நன்றி அக்கா. ஆனா ஃபார்முலா ரெண்டுலயும் ஒண்ணாவே தானே இருக்கு, −2.0 தான் வருது, டேபிள் மட்டும் ஏன் மாறணும்? அப்புறம் சாம்பிள் சராசரி 20-க்கு கீழ தானே வந்திருக்கு, அப்போ "குறைவா இருக்கா"ன்னு ஒரு பக்கம் மட்டும் பாத்தா என்ன தப்பு? அவ அப்படித்தான் போட்டிருக்கா.

கோட்டோவியம்:
ரெண்டுமே நல்ல கேள்வி தம்பி, மனப்பாடம் பண்ணிட்டு போறவங்க இத கேக்கவே மாட்டாங்க. முதல் கேள்விய நான் எடுத்துக்கறேன்.

ஃபார்முலா பாக்க ஒண்ணா இருந்தாலும் கீழ இருக்கிற எண் வேற. சிக்மா தெரிஞ்சா அது மாறாத எண், சாம்பிள் மாத்தினா மேல இருக்கிற எக்ஸ் பார் (சாம்பிள் சராசரி) மட்டும் தான் ஆடும். சிக்மா தெரியாம அதே 16 டேட்டாலேர்ந்து எஸ் (சாம்பிள் எஸ்டி) கண்டுபிடிச்சு போட்டா மேலயும் ஆடுது கீழயும் ஆடுது. இன்னொரு 16 பேட்டரி எடுத்தா எஸ் 1.2-ன்னு வரலாம் 2.0-ன்னு வரலாம், சின்னதா வந்துட்டா வகுத்து வர்ற மதிப்பு தேவையில்லாம பெருசாயிடும். அந்த மாதிரி பெரிய மதிப்புகள் நார்மல் வளைவுல எதிர்பாக்குறத விட அடிக்கடி வர்றதால ஓரத்துல கனமா இருக்கிற வேற ஒரு வளைவு தேவைப்படுது, அதுதான் டி. கண்டுபிடிச்சவர் வில்லியம் சீலி காசெட், டப்ளின்ல கின்னஸ் மது ஆலையில வேலை பாத்தவர். அங்க சோதனைக்கு கெடைக்கிற சாம்பிள் எல்லாம் சின்னச் சின்னது, நார்மல் டேபிள வச்சு முடிவெடுத்தா சரியா வராதுன்னு அவருக்கு நேரடியா தெரிஞ்சுது, 1908-ல "ஸ்டூடன்ட்"ங்கிற புனைபெயர்ல கட்டுரை வெளியிட்டார். ஸ்டூடன்ட்ஸ் டி-ன்னு பேர் வந்தது அதனால தான், மாணவர்களுக்கான டெஸ்ட்னு அர்த்தம் இல்ல.

இப்போ உங்க கணக்குக்கே வாங்க. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 15 இருக்கும்போது 1.96-ஐ எல்லையா வச்சீங்கன்னா, உண்மையில சராசரி 20-ஆவே இருந்தாலும் தப்பா ரிஜெக்ட் பண்ற வாய்ப்பு 5 சதவீதம் இல்ல, கிட்டத்தட்ட 6.9 சதவீதம். கேள்வியில 5-ன்னு வாக்கு குடுத்துட்டு 6.9-ல வேலை பாத்த மாதிரி ஆயிடும். அந்த வாக்கு காப்பாத்தப்படணும்னா எல்லை 2.131-க்கு தள்ளிப் போகணும்.

பனித்துளி_23:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். எங்களுக்கு 30-க்கு மேல இருந்தா இசட், கீழ இருந்தா டி-ன்னு சொல்லிக் குடுத்தாங்களே?

கோட்டோவியம்:
அது கையால டேபிள் பாத்த காலத்து வசதி. 29 டிகிரிக்கு ரெண்டு பக்க எல்லை 2.045, 100-க்கு 1.984, போகப் போக 1.960-ஐ ஒட்டிடும், அதனால பெரிய சாம்பிள்ல எத எடுத்தாலும் பெருசா வித்தியாசம் தெரியாது. ஆனா கேக்க வேண்டிய கேள்வி "எத்தன டேட்டா" இல்ல, "சிக்மா நிஜமாவே தெரியுமா" தான். தெரியலன்னா டி, 16 ஆனாலும் 160 ஆனாலும். பரீட்சையில உங்க பாடத்திட்டம் 30 விதிய கேட்டா அதையே எழுதுங்க ப்ரோ, மார்க் போயிடக் கூடாது, ஆனா மனசுல இது இருக்கட்டும்.

தாழம்பூ:
ஒரு பக்கமா ரெண்டு பக்கமாங்கிறதுக்கு நான் சொல்றேன். எச் ஒன், அதாவது எச் நாட்டுக்கு எதிரா வைக்கிற கூற்று, எங்கேர்ந்து வரணும்? கேள்வியிலேர்ந்து. டேட்டாலேர்ந்து வரக் கூடாது. அந்தப் பொண்ணு என்ன பண்ணிருக்காங்கன்னா, 19.2-ஐ பாத்துட்டு, ஓ கீழ இருக்கு, அப்போ "20-ஐ விடக் குறைவு"ன்னு எச் ஒன் வச்சுக்கறேன்னு போயிருக்காங்க. மழை பெஞ்சு முடிச்சப்புறம் இன்னைக்கு மழை வரும்னு சொல்ற மாதிரி அது. சாம்பிள் 20.8-ன்னு வந்திருந்தா அவங்களே "அதிகம்"னு மாத்தி வச்சு அப்பவும் 1.753 தானே எடுத்திருப்பாங்க? அப்போ கீழ போனாலும் பிடிக்கறாங்க மேல போனாலும் பிடிக்கறாங்க, ஒவ்வொரு பக்கமும் 5 சதவீதம், மொத்தம் 10 சதவீதம் தவறு வாய்ப்புல வேலை நடக்குது, எழுதி வச்சது மட்டும் 5.

இதே கணக்குல "20 மணிக்குக் குறைவாக ஓடுகிறதா எனச் சோதிக்கவும்"னு இருந்திருந்தா அவங்க செஞ்சது முழுக்க சரி. எல்லை −1.753, −2.0 அத தாண்டிடுது, பி வேல்யூ (0.05-ஓட, அதாவது 5 சதவீதத்தோட, ஒப்பிட்டுப் பாக்குற வாய்ப்பு எண்) 0.032, ரிஜெக்ட். அதே டேட்டா தான், கேள்வி மாறினா முடிவு மாறும், அதுல முரண்பாடு எதுவும் இல்ல. அதனால தான் நான் கணக்கு போடறதுக்கு முன்னாடியே, சாம்பிள் சராசரிய பாக்கறதுக்கு முன்னாடியே, எச் நாட் எச் ஒன் ரெண்டையும் எழுதி வச்சுடுங்கன்னு எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருக்கேன்.

செவ்வந்தி:
எக்செல் விஷயத்த யாரும் தொடலயே, அது நான் சொல்றேன். இசட்.டெஸ்ட் எப்பவும் வலது பக்க பரப்ப மட்டும் தான் குடுக்கும், அதாவது சராசரி 20-ஆ இருந்தா சாம்பிள் சராசரி உங்களுக்கு கெடச்சத விட பெருசா வர்ற வாய்ப்பு. உங்க மதிப்பு −2.0, இடது பக்கம் இருக்கு, அதனால வலது பக்கம் முழுசா விழுந்து 0.977 ஆயிடுச்சு. 1-லேர்ந்து கழிச்சா 0.023, ரெட்டிப்பாக்கினா 0.046, நீங்க கையால போட்ட "1.96 தாண்டிடுச்சு"ங்கிறதும் இதுவும் ஒண்ணே தான். அப்புறம் மூணாவது இடத்துல சிக்மாவ குடுக்காம விட்டா அது எதுவும் சொல்லாம சாம்பிள் எஸ்டிய எடுத்துக்கும், அதனால இந்தக் கணக்குக்கு அந்த ஃபங்ஷனே வேண்டாம்.

பி வேல்யூ வேணும்னா டி.டிஸ்ட்.2டி ஃபங்ஷன்ல 2, 15-ன்னு குடுங்க, 0.064 வரும். மைனஸ் போட்டு −2 குடுத்தா எரர் அடிக்கும், ப்ளஸ்ஸா தான் குடுக்கணும். இன்னொரு வழியும் இருக்கு, டி.டெஸ்ட் ஃபங்ஷன் ரெண்டு காலம் (நெடுவரிசை) கேக்கும், ஒரு சாம்பிளுக்குன்னு தனியா இல்ல, ஆனா பக்கத்துக் காலம்ல 16 செல்லுலயும் 20-ன்னு நிரப்பிட்டு, டெய்ல்ஸ் 2, டைப் 1, அதாவது பெயர்டுன்னு குடுத்தா அதே 0.064 வந்துடும்.

எஸ்டி எடுக்கறப்போ எஸ்டிடெவ்.எஸ் தான் போட்டீங்களான்னும் ஒரு முறை பாத்துக்கோங்க. எஸ்டிடெவ்.பி போட்டா 16-ஆல வகுக்கும், 1.6-க்கு பதிலா 1.549 வரும், டி −2.07-ன்னு ஆயிடும். இங்க முடிவு மாறாது, ஆனா எல்லைக்கு பக்கத்துல நிக்கிற கணக்குல மாத்திடும். 1.6-ஐ நாலால வகுக்க மறந்து −0.5-ன்னு விடை வர்றதும் ரொம்ப பேருக்கு நடக்குது, டி மதிப்பு ரொம்ப சின்னதா வந்தா முதல்ல அந்த ரூட்ட தேடுங்க.

வெண்முகில்:
0.064 வந்துடுச்சு அக்கா, ரெண்டு வழியிலயும்! எஸ்டிடெவ்.எஸ் தான் போட்டிருந்தேன். இப்போ கடைசியா ஒண்ணு. பி வேல்யூ 0.064-ன்னா எச் நாட் சரியா இருக்கிற வாய்ப்பு 6.4 சதவீதம்னு தானே? அப்போ 93.6 சதவீதம் தப்பா இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் ரிஜெக்ட் பண்ணக் கூடாதுங்கறாங்க?

கோட்டோவியம்:
இங்க தான் தம்பி முக்காவாசிப் பேர் வழுக்கி விழறது, நிதானமா படிங்க. 0.064-ஐ கணக்கு போட்டப்போ நாம என்ன பண்ணோம்? சராசரி 20 தான்னு முதல்லயே வச்சுக்கிட்டு தான் கணக்கையே ஆரம்பிச்சோம். அப்படி வச்சுக்கிட்ட ஒரு விஷயத்தோட வாய்ப்ப அந்த எண் சொல்ல முடியாது. அது சொல்றது இவ்ளோதான்: சராசரி நிஜமாவே 20-ஆ இருந்து, 16 பேட்டரி எடுத்துப் பாத்தா, சும்மா தற்செயலாவே டி மதிப்பு ஏதாவது ஒரு பக்கம் 2 அளவுக்கோ அதுக்கு மேலயோ விலகறதுக்கு 6.4 சதவீத வாய்ப்பு.

நம்பிக்கை வரலன்னா நீங்களே செஞ்சு பாருங்க, இத கண்ணால பாத்தா தான் மனசுல நிக்கும். எக்செல்ல நார்ம்.இன்வ்-க்குள்ள ரேண்ட் போட்டு, சராசரி 20 எஸ்டி 1.6-ன்னு குடுத்து, ஒரு வரிசையில 16 எண் வர வைங்க, பக்கத்துலயே அந்த வரிசைக்கு டி கண்டுபிடிங்க, அப்படியே 1000 வரிசைக்கு இழுத்து விடுங்க. எல்லாமே எச் நாட் உண்மையா இருக்கிற உலகத்துலேர்ந்து வந்த சாம்பிள்கள் தான், ஆனாலும் ஏறக்குறைய 64 வரிசையில டி 2-ஐயோ −2-ஐயோ தொட்டுடும் இல்ல தாண்டிடும். எஃப்9 அழுத்தினா எண் கொஞ்சம் மாறும், 58, 70-ன்னு சுத்தி சுத்தி அங்கயே நிக்கும்.

செவ்வந்தி:
கூடவே 16 டேட்டாவையும் ஒரு டாட் ப்ளாட் போட்டுப் பாத்துடுங்க. இவ்ளோ சின்ன சாம்பிள்ல ஒரே ஒரு பேட்டரி 12 மணியில நின்னிருந்தா கூட சராசரியையும் எஸ்ஸையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும், டி டெஸ்ட் நம்பகமா இருக்கணும்னா டேட்டா ரொம்ப ஒரு பக்கம் சாயாம, தனியா துருத்திக்கிட்டு எதுவும் இல்லாம இருக்கணும்.

வெண்முகில்:
ப்ளாட் போட்டேன், எல்லாம் 16-லேர்ந்து 22-க்குள்ள பரவலா இருக்கு, தனியா எதுவும் நிக்கல. 1000 வரிசையும் இழுத்துப் பாத்தேன், 61 வந்துச்சு, அடுத்த முறை 67. இப்போ தான் பி வேல்யூன்னா என்னன்னு பிடிபடுது. விடைய இப்படி எழுதலாமா: "எச் நாட்: மியூ (உண்மையான சராசரி) = 20. எச் ஒன்: மியூ ≠ 20. டி = −2.0, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 15, எல்லை ±2.131, பி = 0.064. எனவே எச் நாட்டை ஏற்கிறோம், பேட்டரியின் சராசரி 20 மணி நேரம்."

தாழம்பூ:
கடைசி வரி தவிர எல்லாம் அருமை மா. "ஏற்கிறோம்"னு எழுதாதீங்க. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது இந்த டேட்டாவோட ஒத்துப்போற சராசரிகளோட வீச்சு, போட்டுப் பாருங்க, 19.2 ± 2.131 × 0.4, அதாவது 18.35-லேர்ந்து 20.05 வரை. 20 உள்ள இருக்கு, சரி, ஆனா 18.5-உம் உள்ள தான் இருக்கு, 19-உம் இருக்கு. இந்த டேட்டா 20-ஐ மட்டும் தனியா தேர்ந்தெடுத்துக் குடுக்கல. "5 சதவீத அளவில், சராசரி 20 மணியிலிருந்து மாறுபடுகிறது எனச் சொல்ல இந்த மாதிரியில் போதுமான ஆதாரம் இல்லை"ன்னு முடிங்க, அந்த இடைவெளியையும் கீழ ஒரு வரியில சேத்துடுங்க.

வெண்முகில்:
மாத்திட்டேன் அக்கா. அந்தப் பொண்ணுக்கும் இந்த இழைய அனுப்பிட்டேன், அவ இப்போ "குறைவா"ன்னு கேட்ட கணக்குகள தனியா பிரிச்சு வச்சுட்டு இருக்கா.