‘எங்கள் காலத்தில்’ என்று தொடங்கும் பேச்சு ஒவ்வொரு முறையும் சண்டையில் முடிகிறது: என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். எனக்கு 33 வயது, அப்பாவுக்கு 66. எங்களுக்குள் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் கடந்த இரண்டு ஆண்டுகளாக எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் அது தலைமுறைச் சண்டையாகவே முடிகிறது. நான் வேலை மாறினால், “உங்கள் தலைமுறைக்குப் பொறுமையே கிடையாது” என்கிறார். வீடு வாங்குவதைத் தள்ளிப்போடுகிறேன் என்றால், “உன் வயதில் நான் சொந்த வீட்டில் இருந்தேன்” என்கிறார். சென்ற மாதம் நானும் பொறுமையிழந்து, “எல்லாவற்றையும் நீங்கள் அனுபவித்துவிட்டு மிச்சத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள், வீட்டு விலைக்கும் பருவநிலைக் கேட்டுக்கும் உங்கள் தலைமுறைதான் காரணம்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் பதில் பேசவில்லை. அலமாரியிலிருந்து பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். வீட்டுக்கடன் தவணைகளை மாதவாரியாகப் பென்சிலால் எழுதிவைத்த நோட்டு அது. நடுவில் தொடர்ச்சியாக ஏழு வரிகளில் “வேலை இல்லை” என்று மட்டும் இருந்தது. பக்கத்தில், யார் யாரிடம் கைமாற்று வாங்கினார் என்ற குறிப்பு. அது நான் பிறந்த ஆண்டு. அப்போது அவருக்கு என்னுடைய இப்போதைய வயது. இப்படி ஒரு காலம் இருந்ததை ஒருநாளும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

நான் சொன்னது அடியோடு தவறு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமா என்பதுதான் உறுத்துகிறது. இந்தப் பேச்சை வேறு எப்படிப் பேசலாம்?

மறுமொழி 1

நான் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பாவின் வயதை ஒட்டியவன். நீங்கள் இருவரும் ‘தலைமுறை’ என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது. முதலாவது வயது: இளம் வயதில் எவரும் அடிக்கடி வேலை மாறுவார்கள், பின்னர் ஓரிடத்தில் நிலைகொள்வார்கள். இரண்டாவது காலம்: ஒரு பொருளாதார வீழ்ச்சியோ தொற்றுநோயோ வந்தால் எல்லா வயதினரையும் அது தாக்கும். மூன்றாவது, ஒரே காலகட்டத்தில் பிறந்தவர்கள் என்ற கூட்டம்: மந்தநிலையின்போது படிப்பை முடித்து வேலை தேட நேர்ந்தவர்களின் ஊதியம், நல்ல காலத்தில் முடித்தவர்களின் ஊதியத்தைவிடப் பத்தாண்டுகள் வரைகூடப் பின்தங்கியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது வந்துவிடுகிறது என்பதால், இம்மூன்றையும் கணக்கில் முழுமையாகப் பிரித்தெடுக்கவே முடியாது. அது எங்கள் துறையின் பழைய தலைவலி. உங்கள் அப்பா வயதின் இயல்பை உங்கள் குணக்கேடாகப் பார்க்கிறார். நீங்கள் காலத்தின் வாய்ப்பை அவருடைய பேராசையாகப் பார்க்கிறீர்கள்.

தலைமுறைகளுக்குச் சூட்டப்படும் பெயர்களும் அவ்வளவு உறுதியானவை அல்ல. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 1981 முதல் 1996 வரை பிறந்தவர்களை ‘மில்லேனியல்’ என்று வகுத்தது. அப்பெயர்களைக் கைவிடுமாறு 2021இல் 150க்கும் மேற்பட்ட மக்கள்தொகையியலாளர்களும் சமூக அறிவியலாளர்களும் அதற்குத் திறந்த மடல் எழுதினார்கள். ஒரே வயதில் இருந்தபோது இரு தலைமுறைகளும் எப்படி இருந்தன என்று ஒப்பிடுவதற்குத் தரவு இருந்தால் மட்டுமே இனித் தலைமுறை ஒப்பீடு செய்வோம் என்று 2023இல் அம்மையமே அறிவித்தது. அத்தகைய ஒப்பீட்டுக்கான தரவு உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நோட்டைத்தான் சொல்கிறேன். 33 வயதில் அவருடைய வரவும் தவணையும் என்ன, உங்களுடையவை என்ன என்று இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

மறுமொழி 2

மேலே எழுதிய ஐயாவின் விளக்கம் சரிதான் என்றாலும், இதையெல்லாம் வெறும் கணக்குக் குழப்பமாகக் கரைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. பருவநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டு அரசுக் குழு 1988இலேயே அமைக்கப்பட்டுவிட்டது. தெரியாமல் நடந்துவிட்டது என்று அதன்பின் எந்த அரசும் சொல்ல முடியாது. தொழிற்புரட்சிக் காலம் தொட்டுப் புதைபடிவ எரிபொருள்களால் வெளியான கரியமில வாயுவில் பாதிக்கு மேல் 1990க்குப் பின்னர்தான் வெளியேறியது. ஆகவே குற்றச்சாட்டில் பொருள் இருக்கிறது. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் சிலரே. ஏழு மாதம் வேலையின்றிக் கைமாற்று வாங்கித் தவணை கட்டியவர் அந்த இடத்தில் இல்லை. தவிர, 1990க்குப் பிந்திய அந்தக் காலத்தின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் நீங்களும் நானும் வாக்குரிமை உள்ள பெரியவர்களாகத்தான் இருந்திருக்கிறோம்.

மறுமொழி 3

எனக்கு 64 வயது. என் மகனிடம் உங்கள் அப்பாவைப் போலவே பேசியவள் நான். அவன் வேலையின்றி இருந்தபோது, “நேரில் போய்ப் பார், முகம் கொடுத்துப் பேசு, கிடைக்கும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் இரவு, அவன் விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். தன்விவரக் குறிப்பில் ஏற்கெனவே இருந்தவற்றையே மறுபடி ஒவ்வொரு கட்டமாகத் தட்டச்சு செய்ய அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அனுப்பிவிட்டுக் கணினியை மூடுவதற்குள் நிராகரிப்பு மின்னஞ்சல் வந்துவிட்டது. அந்த விண்ணப்பத்தை எந்த மனிதரும் படித்திருக்க வழியில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் அடுத்த விண்ணப்பத்தைத் திறந்தான். அன்றோடு நான் அந்த அறிவுரையை விட்டுவிட்டேன்.

2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நினைவுக்கு வருகிறது. வாசிப்பில் தேர்ந்தவர்களே இளையவர்களுக்கு வாசிப்புக் குறைந்துவிட்டதாக மிகுதியாக எண்ணுகிறார்கள் என்றும், இன்றைய தம்மைப் போலவே அன்றைய சிறுவர்களும் இருந்ததாக அவர்கள் நினைத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணம் என்றும் அது கண்டறிந்தது. நாங்கள் பொறுமையைக் கற்றுக்கொண்டது பின்னாளில்தான். 33 வயதிலேயே அது எங்களிடம் இருந்தது என்று உண்மையாகவே நம்புகிறோம்.

“உங்களுக்கு எல்லாம் எளிதாகக் கிடைத்தது” என்று கேட்கும்போது எங்களுக்கு வலிப்பது, நாங்கள் பட்ட பாடு இல்லையென்று ஆகிவிடுவதுதான். “உங்களுக்குப் பொறுமை இல்லை” என்று நாங்கள் சொல்லும்போது உங்களுக்கும் அதே வலிதான். உங்கள் அப்பா அந்த நோட்டைக் கொண்டுவந்து வைத்தது வாதாடுவதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டு விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் அந்த ஏழு மாதங்களைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். கைமாற்று கொடுத்தவர்களில் இருவருக்கு அம்மாவின் வளையலை விற்றுத்தான் திருப்பிக் கொடுத்தாராம். முடிவில், “நீ கணக்கு எழுதுகிறாயா?” என்று கேட்டார். கைப்பேசியில் இருந்ததைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, வாடகை என்ற வரியில் விரலை வைத்தபடி, “இது ஒரு மாதத்துக்கா?” என்று இரண்டு முறை கேட்டார். வேலை மாறுவதைப் பற்றி அவர் கருத்து மாறவில்லை. அந்த நோட்டைத் திரும்ப வைக்கப் போனேன். “உன்னிடமே இருக்கட்டும்” என்றார்.