வடக்கு உகாண்டா: வழக்கா, மன்னிப்பா, சடங்கா?

பாடவேளை எழுதியது:

முதுகலை மாணவர்களுக்கு இந்தப் பருவத்தில் போருக்குப் பிந்தைய ஆட்சி பற்றிப் பாடம் எடுக்கிறேன். வடக்கு உகாண்டாவின் அச்சோலிப் பகுதியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஜோசப் கோனியின் எல்.ஆர்.ஏ. (லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி) என்ற கிளர்ச்சிப் படைக்கும் அரசுக்கும் இடையே ஏறத்தாழ இருபதாண்டுகள் நடந்த சண்டை 2006இல் ஓய்ந்தது. 2000ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டம், ஹேக் நகரிலுள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம், குலங்களைச் சமரசப்படுத்தும் ‘மாடோ ஒபுட்’ எனும் கசப்புவேர்ச் சடங்கு என்று மூன்று வழிகள் அங்கே ஒரே காலத்தில் ஓடியிருக்கின்றன. “மூன்றில் எது வேலை செய்தது?” என்று ஒரு மாணவி கேட்டாள். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவளுக்கும் நிறைவில்லை, எனக்கும் இல்லை. அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்.

வாய்தா எழுதியது:

போய் வந்தவன் அல்லன். வழக்குகளைத் தொடர்ந்து படிப்பவன். மூன்றும் ஒன்றன் காலை ஒன்று வாரிவிட்டன என்பேன். தாமஸ் குவோயெலோ சிறுவனாகக் கடத்தப்பட்டுத் தளபதியானவர். 2009இல் பிடிபட்டார். அவருக்கு முன்பு ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைத்த மன்னிப்பை இவரும் கேட்டார், கொடுக்கவில்லை. 2011இல் உகாண்டாவின் அரசியல் சாசன நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. தீர்ப்பு 2024 ஆகஸ்டில்தான் வந்தது. அக்டோபரில் 40 ஆண்டுத் தண்டனை. நம் ஊர் வாய்தாக்களை இனி யாரும் கேலி செய்ய வேண்டாம்.

இன்னொருவர் டொமினிக் ஓங்வென். அவரும் பிள்ளையாகக் கடத்தப்பட்டவர்தான். ஹேக் நீதிமன்றம் 2021இல் 25 ஆண்டு விதித்தது. பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 50,000 பேருக்குத் தலா 750 யூரோ அடையாளத் தொகை என்று 2024 பிப்ரவரியில் உத்தரவும் வந்தது. குற்றவாளியிடம் காசில்லை. நிதியத்துக்கு யாராவது நன்கொடை தந்தால்தான் உண்டு.

அடிபம்பு எழுதியது:

பேராசிரியர் அம்மாவுக்கு வணக்கம். நான் பொள்ளாச்சிப் பக்கம் அடிபம்பு மாட்டிப் பழகியவன். 2008 முதல் 2011 வரை ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் குலு, அமுரு மாவட்டங்களில் அதே வேலையைச் செய்தேன். நம் மெட்ராஸில் செய்யத் தொடங்கிய இந்தியா மார்க் 2 பம்புதான் அங்கேயும். யு2 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேற்று நாட்டில் இறங்கியதும் தெரிந்த முகமாக அந்த இரும்புதான் நின்றது.

நீங்கள் மூன்றில் எது என்கிறீர்கள். ஊர் திரும்பியவர்கள் கேட்ட கேள்வி வேறு. இந்த இடம் யாருடையது என்பதுதான் அது.

1996 முதல் அரசாங்கமே ஜனங்களை வீட்டைவிட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்திருந்தது. பாபோ என்ற ஒரு முகாமில் மட்டும் 60,000 பேர். ஒரு குடிசைக் கூரை அடுத்த குடிசைக் கூரையில் இடிக்கும். பம்பு, மருந்தகம், பள்ளிக்கூடம் எல்லாம் முகாமில்தான். சண்டை ஓய்ந்து “ஊருக்குப் போங்கள்” என்றார்கள். போய்ப் பார்த்தால் ஆள் உயரப் புல். எங்கள் வண்டி வந்து கிணறு போடும்வரை சதுப்பு நீர்தான் குடித்தார்கள்.

அங்கே நிலம் பெரும்பாலும் குலத்துச் சொத்து, பத்திரம் கிடையாது. எல்லை என்றால் ஒரு புற்று, ஓர் ஓடை, பாட்டன் புதைந்த இடம். ஒரு பெரியவர் என்னைக் கூட்டிக்கொண்டு எல்லை நடந்தார். கைத்தடியால் புல்லை விலக்கி விலக்கிப் பார்ப்பார், நிற்பார், திரும்பி வருவார். ஒரு புற்று கரைந்துபோயிருந்தது. அந்த இடத்தில் வெகுநேரம் நின்றார். கூட வந்த பேரன்கள் முகாமில் பிறந்தவர்கள். அவர்களுக்கு எல்லாம் ஒரே காடு. 2005இல் எடுத்த கணக்கின்படி அச்சோலி முகாம்களில் வழக்கத்துக்கு மேல் வாரம் ஆயிரம் பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். எல்லை தெரிந்த கிழவர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் போனார்களோ.

தகராறு வந்தால் ஊர்மன்றம் விசாரிக்க வேண்டும். எல்.சி. (லோக்கல் கவுன்சில்) என்பார்கள். அந்த மன்றங்களுக்கு 2001க்குப் பிறகு 2018 வரை தேர்தலே இல்லை. அவை செல்லாது என்று நீதிமன்றமும் 2007இல் சொல்லிவிட்டது. அதாவது, ஜனங்கள் ஊர் திரும்பி அடித்துக்கொண்ட அந்தச் சில ஆண்டுகளில், சட்டப்படி கேட்பதற்கு அடிமட்டத்தில் ஆளில்லை. இதை உங்கள் மாணவிக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மாநாடுகளில் யாரும் இதைப் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை.

எங்கள் ஆட்களும் யோக்கியம் இல்லை. பாறையில் நீர் இருக்கிறதா என்று பார்த்தார்கள், நிலம் யாருடையது என்று கேட்கவில்லை. ஒரு கிணறு முடித்த மூன்றாம் நாள் போனால், பம்புக் கைப்பிடியில் சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. “என் அண்ணன் நிலம், அவன் பெண்டாட்டி யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டாள்?” என்கிறான் ஒருவன். குடங்களும் மஞ்சள் கேன்களும் வரிசையில் நிற்க, நான் சாவிக்காக மத்தியானம்வரை கெஞ்சினேன். இன்னோர் ஊரில் ஜி.ஐ. பைப்பு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், இறக்கினோம். அங்கத்து நீர் புளிப்புத் தன்மை உள்ளது, ஒரே வருடத்தில் துருவாக வந்தது. வேகவைத்த பயறு கறுத்துப்போகிறது என்று பெண்கள் மறுபடி ஓடைக்கே போய்விட்டார்கள்.

சடங்கும் ஒரு முறை பார்த்தேன். இரண்டு குலத்து ஆட்கள் எதிரெதிரே மண்டியிட்டு ஒரே சுரைக்குடுவையில் அந்தக் கசப்பைக் குடிக்கிறார்கள். அதற்கு முன்பே ரத்தத்துக்கு ஈடு பேசிக் கொடுத்தாக வேண்டும். நல்ல முறைதான். ஆனால் கொன்றவன் யார், எந்தக் குலம் என்று தெரிந்தால்தானே உட்கார முடியும்? இருட்டில் வந்து கொளுத்திவிட்டுப் போன பிள்ளைகளின் குலத்தை யாரிடம் கேட்பது?

ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். எல்.ஆர்.ஏ. படையோடு காட்டில் பல வருடம் இருந்து, அங்கே பெற்ற இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள். தண்ணீர்க் குழுவில் அவளைப் பம்புக் காவலுக்கு வைத்திருந்தோம். வாஷர் மாற்ற ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். சிமெண்டு மேடை போட்ட அன்று, தேதி எழுதும் இடத்துக்குக் கீழே தன் மகன் பெயரையும் எழுதலாமா என்று கேட்டாள். எழுதினேன். அங்கே நிலம் அப்பன் வழியில் வரும். அந்தப் பையனின் அப்பன் யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மாலையில் அவள் அண்ணன் வந்தான். ஒரு வார்த்தையும் பேசாமல், ஈரம் காயாத அந்தப் பெயரைக் காலால் தேய்த்து அழித்தான். தேதியைத் தொடவில்லை.

வரப்புவெட்டி எழுதியது:

அடிபம்பு ஐயா சொல்வது சரி. ஆனால் எல்லாப் பழியையும் புற்றின் மேலும் அண்ணன் மேலும் போட்டுவிட்டால் தலைநகரில் இருப்பவர்கள் தப்பிவிடுவார்கள். வடக்கின் மறுவாழ்வுக்கென்று 2007இல் பெரிய திட்டம் அறிவித்தார்கள். 2012இல் பார்த்தால் அதற்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் பல லட்சம் யூரோ பிரதமர் அலுவலகத்தின் கணக்குகளில் மாயமாகியிருந்தது. அயர்லாந்து, நார்வே, சுவீடன், டென்மார்க் உதவியை நிறுத்தின. அயர்லாந்துக்கு 40 லட்சம் யூரோவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அச்சோலிக்காரர்களுக்கு யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

பாடவேளை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. வரப்புவெட்டி சொன்னதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன். அந்த அண்ணனும் மன்னிப்புச் சடங்குகளில் பங்கெடுத்திருப்பாரா? அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள்?

அடிபம்பு எழுதியது:

பங்கெடுத்தான் அம்மா, அதுதான் வேடிக்கை. அவள் திரும்பி வந்த அன்று வாசலில் பச்சை முட்டை வைத்து மிதிக்கச் செய்து, முறைப்படி உள்ளே அழைத்தவனே அவன்தான். தங்கையை அவன் வெறுக்கவில்லை. அவனுக்கு நான்கு பையன்கள், இருந்ததோ ஒரு துண்டு நிலம்.

வரப்புவெட்டி சொன்ன பணம் வந்து சேர்ந்திருந்தாலும் இந்த நிலம் அகலமாகியிருக்காது. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் கிளம்பும் முன்பே அவள் குலு நகருக்கு வந்து, ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தையல் மிஷின் போட்டுவிட்டாள். வீட்டுக்காரர் அவளிடம் எந்தக் குலம் என்று கேட்கவில்லை. மூன்று மாத முன்பணம் கேட்டார். பம்புக் காவலுக்கு அண்ணனின் மூத்த மகனை வைத்தோம். அவனுக்கு வாஷர் மாற்றத் தெரியவில்லை. இரண்டு முறை சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் முறை பம்பு நின்றபோது நகரத்துக்கு ஆள் அனுப்பி அவளைத்தான் கூட்டி வந்தார்கள். சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தாள், மாட்டினாள், கூலி வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிப் போனாள்.