தமிழ்ப் பள்ளியில் ஒரு பிள்ளை சொன்னது: கவுன்சிலுக்குச் சொன்னால் அது யார் யாருக்குப் போகும்?

சனிக்கிழமை டீச்சர்:

வணக்கம். இங்கிலாந்தில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் இரண்டு வருடமாகச் சம்பளம் இல்லாமல் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி. போன வாரம் எழுதிக்கொண்டிருந்தபோது அவளுடைய சட்டைக் கை மேலே ஏறியது, முழங்கைக்கு மேல் பட்டை பட்டையாகக் கண்டிப்போயிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே "பெல்ட்" என்றாள், திரும்பவும் எழுதத் தொடங்கிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அம்மம்மாவுக்கு இப்போது ஆட்களை அடையாளம் தெரிவதில்லை, எல்லாரும் வெளியே போகும்போது அவரை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவோம் என்றும் சொன்னாள்.

நிர்வாகத்தில் ஒருவரிடம் சொன்னேன். "முதலில் தாயைக் கூப்பிட்டுக் கதைப்போம், விஷயம் வெளியே போனால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள்" என்கிறார். இரண்டு நாளாக எனக்கு நித்திரை இல்லை. யாரிடம் சொல்வது, பொலிஸா, கவுன்சிலா, அவள் படிக்கும் பள்ளியா? பிள்ளைக்கு ஓர் இடம், அம்மம்மாவுக்கு வேறு இடமா? இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களா, இல்லை ஒவ்வொரு கதவாக நான்தான் தட்ட வேண்டுமா?

பழைய கோப்பு:

தயவுசெய்து தாயைக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். பெற்றோருக்குச் சொல்லிவிட்டுத் தகவல் கொடுப்பதுதான் பொதுவான முறை, ஆனால் சொல்வதாலேயே பிள்ளைக்கு ஆபத்து கூடலாம் என்றால் அந்த முறை பொருந்தாது. யார் அடித்தது என்றே உங்களுக்குத் தெரியாதே.

கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், பிள்ளைகள் பிரிவில் பல வருடம் வேலை செய்தவள் நான், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். உங்கள் பள்ளியில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் சேஃப்கார்டிங் பொறுப்பாளர் இருப்பார், இன்றே அவரிடம் சொல்லுங்கள். அவர் தயங்கினால் நீங்களே கவுன்சிலுக்கு அழைக்கலாம், நிர்வாகத்தின் அனுமதி தேவையில்லை. உடனடி ஆபத்து என்று தோன்றினால் அவசர எண் 999. பிள்ளை சொன்ன சொற்களை நாளும் நேரமும் போட்டு அப்படியே எழுதி வையுங்கள், அவள் "பெல்ட்" என்று மட்டும் சொன்னால் அந்தச் சொல் மட்டும்தான் இருக்க வேண்டும். துருவிக் கேட்காதீர்கள், யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஒவ்வொரு கதவாக நீங்கள் தட்ட வேண்டியதில்லை. பல ஊர்களில் மாஷ் என்று ஓர் அணி இருக்கிறது, சமூகப் பணியாளர், பொலிஸ், சுகாதாரத் துறை ஆள் எல்லாரும் தங்கள் தங்கள் பதிவுகளோடு அதில் இருப்பார்கள். தகவல் வந்து ஒரு வேலை நாளுக்குள் அடுத்து என்ன என்று சமூகப் பணியாளர் முடிவெடுக்க வேண்டும். பிள்ளைக்குக் கடுமையான பாதிப்பு இருக்கலாம் என்று பட்டால் கவுன்சில், பொலிஸ், சுகாதாரத் துறை மூன்றும் உட்கார்ந்து பேசி, 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி விசாரிப்பார்கள். பிள்ளையின் பாதுகாப்பு பற்றி எல்லாத் துறையினரும் கூடும் மாநாடு தேவை என்றால், அது அந்தப் பேச்சு நடந்த 15 வேலை நாளுக்குள் கூட வேண்டும், பெற்றோரையும் வழக்கமாக அழைப்பார்கள். பள்ளியில் சில நாள் வராத பதிவு, ஜிபி என்கிற குடும்ப மருத்துவரிடம் ஒரு பழைய காயம், பொலிஸ் ஓர் இரவு அந்த வீட்டுக்குப் போன குறிப்பு என்று தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிதாகத் தெரியாது. சேர்த்து வைத்தால்தான் அந்த வீடு தெரியும், உங்கள் "பெல்ட்" அதில் இன்னொரு துண்டு.

பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது, அந்தப் பயத்தால் எத்தனை பேர் வாய்மூடி இருந்தார்கள் என்பதும் தெரியும். பெற்றோர் சம்மதிக்காவிட்டால் கவுன்சில் தானாகப் பிள்ளையை எடுக்க முடியாது, நீதிமன்ற உத்தரவு வேண்டும். பொலிஸுக்கு அவசர அதிகாரம் உண்டு, அதுவும் அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குத்தான். நான் போன பெரும்பாலான வீடுகளில் பிள்ளை அங்கேயே இருந்தது, வீட்டுக்குள் உதவி போனது.

அம்மம்மாவுக்குக் கவுன்சிலில் பெரியவர்கள் பிரிவு, சட்டமும் வேறு, 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம். அவருக்குப் பராமரிப்புத் தேவை இருக்கிறதா, துன்புறுத்தலோ கவனிப்பின்மையோ நடக்கிறதா அல்லது நடக்கும் ஆபத்து உண்டா, அந்தத் தேவையாலேயே தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் இருக்கிறாரா என்று மூன்றையும் பார்ப்பார்கள். மூன்றும் பொருந்தினால் அந்தச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி விசாரிப்பது கவுன்சிலின் கடமை. ஒரே அழைப்பில் இரண்டு பேரையும் பற்றிச் சொல்லுங்கள், பெரியவர்கள் பிரிவுக்கும் போக வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஏனென்றால் தகவல் நழுவுகிற இடம் பெரும்பாலும் இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில்தான்.

இரவுப்பணி நர்ஸ்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. கவுன்சிலும் பொலிஸும் சுகாதாரத் துறையும் ஒன்றாக உட்கார வேண்டும் என்ற கட்டாயம் எப்படி வந்தது என்று நிர்வாகத்தில் உள்ளவருக்குச் சொல்லுங்கள். விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுக் குழந்தை வீட்டில் நடந்த துன்புறுத்தலால் 2000இல் லண்டனில் இறந்தது. அந்தக் குழந்தையை இரண்டு மருத்துவமனைகள் பார்த்திருந்தன, பொலிஸும் பல கவுன்சில்களும் அறிந்திருந்தன, ஆனால் தெரிந்ததை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. லார்ட் லாமிங்கின் 2003 விசாரணை அறிக்கை வந்த பிறகுதான் 2004இல் புதிய பிள்ளைகள் சட்டம் வந்தது. இன்று கவுன்சில், பொலிஸ், அரசின் சுகாதாரச் சேவையான என்எச்எஸ் மூன்றுக்கும் சட்டப்படி சமமான கூட்டுப் பொறுப்பு.

தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே, சொன்னால் மாட்டிக்கொள்வோமே என்று சிலர் பயப்படுவார்கள். பிள்ளையைக் காப்பாற்றத் தேவையானதைப் பகிர அந்தச் சட்டம் தடையே இல்லை. "எங்கள் ஆட்கள் பிள்ளையை அடிப்பது வழக்கம்தானே" என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள். தழும்பு விழ அடிப்பதற்கு இங்கிலாந்துச் சட்டத்தில் கண்டிப்பு என்ற சாக்கு செல்லாது.

ரெண்டு பிள்ளைகளின் அப்பா:

நான் மறுபக்கத்தில் இருந்தவன், அதனால் இதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டைப் பற்றி ஒரு தகவல் போய், விசாரணை நடந்து, ஒன்றும் இல்லை என்று முடிந்தது. விசாரித்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே கதையை நான்கு பேரிடம் நான்கு தடவை சொன்னோம், ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிக்கவே இல்லை. அதைவிட மோசம், மனைவிக்கு ஆங்கிலம் வராததால் முதல் நாள் என் மூத்த மகளையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன் தாயைப் பற்றிய கேள்வியைத் தன் தாயிடமே கேட்டாள். அது இன்றும் மனதை அறுக்கிறது.

டீச்சர், நீங்கள் அழைக்கும்போதே இந்த வீட்டுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், குடும்பத்து ஆளோ தெரிந்தவரோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அம்மம்மாவுக்கு அது இன்னும் முக்கியம். பூட்டுகிறவரே அவருக்காகப் பேசினால் அவர் வாயிலிருந்து என்ன வரும்?

சனிக்கிழமை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பொறுப்பாளரோடு சேர்ந்து அழைத்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார், அம்மம்மாவின் பெயரைத் தனியாக எழுதிக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் விஷயத்தையும் சொன்னேன், குறித்துக்கொண்டார். இனி நடப்பதெல்லாம் எனக்குத் தெரிய வராமல் போகலாம் என்றும் சொன்னார், அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. தாய் நல்ல மனுசி போலத்தான் தெரிந்தார், ஒருவேளை அவரும் பயந்துபோய் இருக்கிறாரோ என்னவோ. ஒரு கேள்வி மட்டும். சனிக்கிழமை அவள் வந்தால் நான் என்ன சொல்வது?

பழைய கோப்பு:

தாயைப் பற்றி நீங்கள் நினைத்ததையும் அழைத்துச் சொல்லிவிடுங்கள், அவருக்கும் பாதுகாப்பு தேவைப்படலாம். புதிதாக எது கண்ணில் பட்டாலும் அன்றே சொல்லுங்கள், போன வாரம் சொன்னோமே என்று விட்டுவிடாதீர்கள். அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வழக்கமாக எங்கே உட்காருவாளோ அங்கேயே உட்காரட்டும், எழுதியதை வாங்கிப் பாருங்கள். அவளாகப் பேசினால் கேளுங்கள்.