கரிசக்காட்டுப் பக்கம் கொடை பாக்கணும், மே மாசம் வரலாமா ஆடியில வரலாமா?

கோயமுத்தூர்மருமக:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க வீட்டுக்காரரோட பூர்வீகம் கழுகுமலை பக்கத்துல ஒரு கிராமம், அவங்க தாத்தா காலத்துலயே மில் வேலைக்குன்னு கோயமுத்தூர் வந்துட்டாங்க. இப்ப அங்க சொந்தம்னு சொல்லிக்க பெருசா யாருமில்ல, குலசாமி கோவில் மட்டும் இருக்குங்க, சுடலைமாடனும் அம்மனும். மாமனாருக்கு 74 வயசாச்சு, சின்னப் புள்ளைல அங்க கொடைன்னு சொல்ற குலசாமி திருவிழாவுக்கு ஒருக்காப் போனதத் தான் இன்னும் சொல்லிட்டே இருக்காரு, ராத்திரி பூரா மேளம், வில்லுப்பாட்டு, சாமிக்குப் படையலா படப்பு போட்டதுன்னு. இந்த வருஷம் கூட்டிட்டுப் போயே ஆகணும்னு முடிவு பண்ணிட்டோம். கொடை தேதி எப்படிங்க தெரிஞ்சுக்கறது? ஸ்கூல் லீவுன்னா மே தான், ஆனா ஆடியில தான் விசேஷம்னு சிலர் சொல்றாங்க. பொண்ணுக்கு 11, பையனுக்கு 7, ராத்திரிக் கொடைக்கு இவங்கள கூட்டிட்டுப் போலாமா? அப்படியே சுத்துவட்டாரத்துல புள்ளைங்களுக்குக் காட்ட வேண்டிய எடம், சாப்பிட வேண்டியது எல்லாம் சொல்லுங்க. மாமனாருக்கு முட்டி வலி இருக்கு, அதையும் கணக்குல வெச்சுக்கங்க.

கரிசல்மண்:
வாங்கக்கா, நம்ம ஊருக்குத் தான் வாரிய, சந்தோஷம். மொத விஷயம் தேதி. கொடைக்குக் காலண்டர்ல தேதி கெடையாது, ஊர்க்கூட்டம் போட்டுத் தான் நாள் குறிப்பாங்க. பெரும்பாலும் சித்திர, வைகாசி, இல்லன்னா ஆடி, கெழமை செவ்வாயோ வெள்ளியோ வரும். சில கோவில்ல வருஷா வருஷம் கொடை கெடையாது, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா தான். அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஊர்ல கொடைச் செலவுக்கு வரி பிரிக்கிறது யாருன்னு விசாரிங்க. வரிக்காரங்க எல்லாருக்கும் நோட்டுல பேர் இருக்கும், உங்க மாமனாரோட அப்பா பேரு பழைய நோட்டுல கண்டிப்பா இருக்கும், அதச் சொன்னாலே போதும், எந்தக் குடும்பம்னு கண்டுபிடிச்சிருவாங்க. விட்டுப்போன வரியக் கட்டிட்டு இந்த வருஷ வரியையும் குடுத்துருங்க, அப்பத் தான் நீங்க வேடிக்க பாக்க வந்தவங்களா இல்லாம வீட்டுக்காரங்களா நிப்பீங்க. எனக்குத் தெரிஞ்சு வெளியூர் போன குடும்பம் திரும்பி வந்து வரி குடுத்தா ஊர்ல அவ்வளவு சந்தோஷப்படுவாங்க.

கொடைக்கு முன்னாடியே கால்நாட்டு நடந்துரும். கொடைக்கு முந்துன ராத்திரி குடியழைப்பு. மறுநாள் மத்தியானம் உச்சிக்கொடை, ராத்திரி சாமக்கொடை, அப்பத் தான் படப்பு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சின்னப் பிள்ளைகள உச்சிக்கொடைக்கு தாராளமா கூட்டிட்டு வாங்க, மஞ்சணை சாத்தி பூவும் பந்தமுமா சாமி நிக்கறதும் நையாண்டி மேளமும் பொங்கப் பானை வரிசையும் பகல்லயே பாத்துரலாம். சாமக்கொடைக்கு அந்த 7 வயசுப் பையன் வேண்டாம்ங்கது என் கருத்து. கிடா வெட்டு இருக்கும், மாடன் சாமியாடுறவரு மயானத்துக்குப் போயி வார ஊரும் உண்டு, தூக்கத்துல எழும்பி அதப் பாத்தா பயந்துருவான்.

வில்லும்குடமும்:
கரிசல்மண் அண்ணாச்சி சொன்னதுல ஒண்ணு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். நாங்க எல்லாம் 7 வயசுல சாமக்கொடைல அம்மா மடியில படுத்துக்கிட்டு பாத்தவங்க தான், பழகிட்டா பயமெல்லாம் இருக்காது, பக்கத்துல உக்காந்து கதையச் சொல்லிக்கிட்டே இருக்கணும் அவ்ளோதான். சரி அது பெத்தவங்க முடிவு.

நான் சொல்ல வந்தது வேற. மாடன் கொடைல கணியான் கூத்து இருந்தா தயவுசெஞ்சு முழுசா உக்காந்து பாருங்க. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி பக்கம் தவிர வேற எங்கயும் இத நீங்க பாக்க முடியாது. நடுவுல அண்ணாவி நின்னு பாடுவாரு, பின்பாட்டுக்கு ஒருத்தர், பெண் வேசம் கட்டுன ஆம்பளைங்க ரெண்டு பேரு சலங்கையோட ஆடுவாங்க, பின்னாடி மகுடம்னு சொல்ற தோல் மேளம் ரெண்டு. மகுடத்துல ஒண்ணு உச்சம், இன்னொண்ணு மந்தம். ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி ஓரமா வைக்கோலக் கொளுத்தி மகுடத்த அந்தத் தீயில காட்டி காட்டி தட்டிப் பாப்பாங்க, தோல் இறுக இறுக சத்தம் ஏறிக்கிட்டே வரும், உச்சம் கணீர்னு வந்ததும் தான் எடுத்துட்டு வருவாங்க. உங்க பொண்ணக் கூட்டிட்டுப் போயி அந்தத் தீப்பக்கம் நிக்க வைங்க, அத ஒருக்கா கேட்டா மறக்க மாட்டா. நடுச்சாமத்துல சாமி கதை உச்சத்துக்கு வரும்போது கணியான் கையக் கீறி ரத்தம் எடுத்து சாமிக்குக் குடுக்குற கைவெட்டுச் சடங்கு சில கோவில்ல இன்னும் இருக்கு, அதுக்கு மட்டும் பிள்ளைகள கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போயிருங்க.

அம்மன் கொடைன்னா வில்லு. பெரிய வில்லக் குடத்து மேல சாச்சு வெச்சு மணியெல்லாம் குலுங்க வீசுகோலால அடிச்சுப் பாடுவாங்க, கூட உடுக்கும் தாளமும் கட்டையும். குடம் அடிக்கிறவரு தனி ஆளு, அவர் கையப் பாத்துக்கிட்டே இருங்க, மண்பானைல இப்படி ஒரு தாளம் வருமான்னு இருக்கும். உங்க குலசாமி எப்படி அந்த ஊருக்கு வந்துச்சு, எந்த வழியா வந்துச்சு, எந்த மரத்துல நெலையம் போட்டுச்சுன்னு எல்லாம் அந்தப் பாட்டுல தான் இருக்கு, அதனால மாமனார முன்னாடி பாய்ல உக்கார வைங்க. பிடிச்சிருந்தா அன்பளிப்பு குடுங்க, மைக்ல பேர் சொல்லி வாழ்த்துவாங்க. இந்தக் கலைஞர்களுக்கு வருஷத்துல இந்த சில மாசம் தான் கை நிறைய வேலை, மிச்ச மாசம் கூலி வேலைக்குப் போறவங்க நிறைய பேரு, பேரம் பேசி ஆளக் கொறைக்காதீங்கன்னு ஊர்க் கமிட்டிக்காரங்க கிட்டயும் சொல்லுங்க. அப்புறம் சாமியாடுறவங்க மூஞ்சிக்கு நேரா போன நீட்டி வீடியோ எடுக்காதீங்க. அது அவங்க சாமி, நம்ம ஸ்டேட்டஸுக்கு இல்ல.

வட்டெழுத்து:
கொடை பத்தி மேல இருக்கவங்க சொல்லிட்டாங்க, நான் கழுகுமலைய சொல்லுதேன். பூர்வீகமே அந்தப் பக்கம்னா வெட்டுவான் கோவிலப் பாக்காம திரும்பக் கூடாது. கோவில்பட்டில இருந்து சங்கரன்கோவில் போற ரோட்டுல சுமார் 20 கிலோமீட்டர். 8ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். கல்ல அடுக்கிக் கட்டுனது இல்ல, மலையோட ஒரு பகுதிய சுத்தி வெட்டி எடுத்து, உச்சில இருந்து கீழ நோக்கி செதுக்கிட்டே வந்துருக்காங்க, எல்லோரா கைலாசநாதர் மாதிரி. விமானம் முடிஞ்சிருக்கு, கீழ வர வர பாதில நிக்குது. அந்த முடியாத பகுதி தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, உளி எங்க நின்னுச்சுன்னு கண்ணால பாக்கலாம். விமானத்துல தட்சிணாமூர்த்தி ஒருத்தர் மிருதங்கம் வாசிச்சுக்கிட்டு இருப்பாரு, பிள்ளைகள அவரத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க.

அதே மலைல கொஞ்சம் தள்ளி அய்யனார் கோவில் பக்கத்துல சமணச் சிற்பங்க வரிசையா பாறைல இருக்கு, தீர்த்தங்கரர்கள், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா இயக்கி. நெறைய பேரு போட்டோ எடுத்துட்டு நகந்துருவாங்க, ஆனா குனிஞ்சு ஒவ்வொரு சிற்பத்துக்கும் கீழ பாருங்க, வட்டெழுத்துங்கற பழைய எழுத்துல யாரு செஞ்சு குடுத்தான்னு பேரு வெட்டியிருக்கும். அதுல குரத்திகள்னு பொம்பள ஆசிரியைங்க பேரும் வருது. ஆயிரத்து சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி இந்த வறண்ட மலைல பொம்பளைங்க ஆசிரியரா இருந்து மாணாக்கர்கள் வெச்சிருந்துருக்காங்க. உங்க 11 வயசுப் பொண்ணுக்கு இதக் கண்டிப்பா சொல்லுங்க.

மே மாசம்னா காலைல வெயில் ஏறுறதுக்குள்ள மேல போயிட்டு எறங்கிரணும், பாறை சுட ஆரம்பிச்சா கால் வைக்க முடியாது, தண்ணி கையில கொண்டு போங்க. மாமனாருக்கு முட்டி வலின்னா மேல வேண்டாம், அடிவாரத்துல கழுகாசலமூர்த்தி கோவில்ல உக்காரட்டும். கருவறையே மலையக் கொடஞ்சது தான், அதனால சாமியச் சுத்தணும்னா மலையையே சுத்தணும், அதுக்குத் தான் கிரிவலம். வைகாசி விசாகத்துக்கு அங்க திருவிழாவும் உண்டு.

அடுத்து எட்டயபுரம். 1882ல பாரதியார் பொறந்த வீடு, மணிமண்டபம், உமறுப் புலவர் தர்கா, முத்துசுவாமி தீட்சிதர் சமாதி எல்லாம் ஒரே சின்ன ஊருக்குள்ள. தீட்சிதர் 1835ல அங்க தான் காலமானாரு. அந்த வீட்டுக்குள்ள நின்னு பிள்ளைகளுக்கு ஒரு பாரதி பாட்டு சொல்லிக் குடுங்க, அதுவே போதும்.

கோமதிதாசன்:
எல்லாரும் மே மாசத்தயே பேசுறீங்க, ஆடித்தபசு யாரும் சொல்லலையே! அக்கா, ஒரு நாள் ரெண்டு நாள் லீவு போட்டாவது ஆடியில வாங்க. சங்கரன்கோவில்ல 12 நாள் திருவிழா. அரியும் சிவனும் ஒண்ணா காட்சி தரணும்னு கோமதி அம்மன் தவசு இருந்தாள், உத்திராடம் நட்சத்திரத்தன்னைக்கு சாயங்காலம் சங்கரநாராயணரா காட்சி குடுப்பாரு, ராத்திரி திரும்ப சங்கரலிங்கமா வருவாரு. அந்தக் காட்சி நேரத்துல விவசாயிங்க அவங்க காட்டுல வெளஞ்ச பருத்தி, மொளகா, நெல்லு, காய்கறி எல்லாத்தையும் சூறை விடுவாங்க, மேல இருந்து பஞ்சு பறந்து வந்து நம்ம தலைல விழும். மழையவே நம்பி வெதைக்கிற மண்ணு இது, வெளஞ்சதுல முதப் பங்கு அம்மாளுக்குத் தான்னு குடுக்குறது அது. கொடியேறுனதுல இருந்து ஆடிச்சுத்துன்னு 101, 108ன்னு கோவில சுத்துறவங்களும் இருப்பாங்க. புத்து மண்ணு பிரசாதம் வாங்கி நெத்தியில வெச்சுக்கங்க.

அதே ஆடியில தான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாளுக்கு ஆடிப்பூரத் தேர். சில வருஷம் தபசுக்கு முன்னாடி வரும், சில வருஷம் பின்னாடி, பஞ்சாங்கத்தப் பாத்துக்கங்க. சென்னைல இருந்து வாரவங்களுக்கு பொதிகை எக்ஸ்பிரஸ் ரெண்டு ஊர்லயும் நிக்கும். ஆடியில காத்து அடிக்கும், மே மாச வெயில் இருக்காது, பெரியவரக் கூட்டிட்டு வாரதுக்கு அது தான் நல்லது.

சாத்தூர்வெள்ளரி:
சாப்பாட்ட யாரும் சொல்லலையே 😀 அக்கா, பதநியும் நுங்கும் வேணும்னா மே தான், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. கலயத்துல சுண்ணாம்பு தடவிக் கட்டி எறக்குன பதநிய காலைலயே குடிச்சிரணும். கிளாஸ்ல வாங்காதீங்க, பனை ஓலைய மடிச்சு பட்டை கட்டித் தரச் சொல்லுங்க, அதுல பதநிய ஊத்தி நுங்க வெரலால நோண்டிப் போட்டு ரெண்டையும் சேத்துக் குடிக்கணும், ஓலை வாசமும் சேந்து வரும். பட்டையோட ரெண்டு கையாலயும் ஏந்திக் குடிக்கப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஊர்ல யாராவது வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டா கம்மங்கஞ்சி கேளுங்க, இல்ல கம்மஞ்சோறும் கருவாட்டுக் கொழம்பும். மோர் மொளகாயும் காணத்தொவையலும் (கொள்ளுத் தொவையல்) இருந்தா வேற எதுவும் வேண்டாம். கொடை முடிஞ்சா கிடாக்கறி எப்படியும் உண்டு, அத எலை போட்டு எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுங்க, ஓட்டல் பக்கம் போகாதீங்க. வாங்கிட்டுப் போறதுக்கு கோவில்பட்டி கடலைமிட்டாய், 2020ல புவிசார் குறியீடு வாங்குனது, கரிசல் மண்ணு கடலை, மேல கலர் தேங்காப்பூ தூவி இருக்கும். எங்க ஊரு காராச்சேவு, கருப்பட்டி மிட்டாய் சூடா கெடைக்கும்போது வாங்குங்க. ஆடியில வந்தா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பாலும் சீனியும் மட்டும் தான், வெறகு அடுப்புல கிண்டுற கடையாப் பாத்து வாங்குங்க. வெள்ளரிக்கா சாத்தூர் வெள்ளரிக்கா தான், என் பேரே சாட்சி.

கோயமுத்தூர்மருமக:
ஐயோ எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, படிக்கப் படிக்க மாமனார் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டே இருந்தாரு. மகுடத்த தீயில காட்டறதப் படிச்சதும் "ஆமா ஆமா, அந்தத் தீப்பக்கம் தான் நானும் போயி நிப்பேன்"னு சொல்லிட்டாரு. அவங்க அப்பா பேரச் சொல்லி இன்னைக்கே விசாரிக்கச் சொல்லியிருக்கேன். கொடை வைகாசியில இருந்தா மே கடைசில வந்துடறோம், ஆடிக்கு வெச்சிருந்தா தபசையும் சேத்துப் பாத்துக்கறோம், லீவு போட்டுக்கலாமுங்க. ஒரே ஒரு கேள்வி, ஊர்ல தங்க வீடில்ல, எங்க தங்கறது? கோவிலுக்கு என்ன கொண்டுட்டுப் போகணும்?

கரிசல்மண்:
தங்குறதுக்கு கோவில்பட்டில லாட்ஜ் நெறைய இருக்கு, அங்க இருந்து கார் வெச்சுக்கங்க. தபசு நேரத்துல சங்கரன்கோவில்ல ரூம் கெடைக்கது கஷ்டம், முன்னாடியே போட்ருங்க. ஆனா கொடை ராத்திரிக்கு ரூம் தேட வேண்டாம், கோவில் பந்தல்லயே ஊர் பூரா முழிச்சுக்கிட்டு தான் கெடக்கும், மாமனாருக்கு மட்டும் ஒரு கட்டில் வேணும்னு வரிக்காரங்ககிட்ட சொல்லுங்க, யாராவது வீட்டுத் திண்ணைல போட்டுத் தருவாங்க. கோவிலுக்கு மாலை, தேங்கா, பழம், எண்ணெய், பொங்கலுக்கு அரிசி வெல்லம், புதுப் பானை அங்கயே கெடைக்கும். கிடா நேர்ச்சை இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிருங்க, கொடை நேரத்துல வெலை ஏறிரும், நான் எங்க சந்தைல பாத்து புடிச்சுத் தாரேன்.