கடல்ல அணுகுண்டு சோதனை பண்ணப்ப கதிர்வீச்சு தூசி எந்தப் பக்கம் போகும்னு எப்படி கணிச்சாங்க?

கடல்காகம்:
1954 மார்ச் 1 பசிபிக் கடல்ல, மார்ஷல் தீவுகள்ல இருக்கற பிகினி தீவுல அமெரிக்கா வெடிச்ச காசில் பிராவோங்கற ஹைட்ரஜன் குண்டு பத்தி படிச்சிட்டு இருக்கேன். பாதி இடத்துல "காத்து திடீர்னு மாறிடுச்சு, அதான் ரோங்கெலாப் தீவு ஜனங்க மேல தூசி விழுந்துச்சு"ன்னு ஒரே வரில முடிச்சிடறாங்க. அப்ப சேட்டிலைட் கிடையாது, இப்ப மாதிரி கம்ப்யூட்டர் மாடலும் கிடையாது, சுத்தி வெறும் தண்ணி, எந்த தைரியத்துல இந்தப் பக்கம்தான் போகும்னு சொன்னாங்க? நிஜமாவே காத்துதான் காரணமா?

மேகக்கணக்கு:
அங்க காத்து ஒண்ணே ஒண்ணு இல்ல, அடுக்கடுக்கா இருக்கு. கீழ ட்ரேட் விண்ட் கிழக்குலேர்ந்து வரும், மேல போகப் போக மேற்குலேர்ந்து, இன்னும் மேல ஸ்ட்ராட்டோஸ்பியர்ல திரும்ப கிழக்குலேர்ந்து. கப்பல்லேர்ந்தும் தீவுலேர்ந்தும் பலூன் விட்டு, அது எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்து ஒவ்வொரு உயரத்துக்கும் காத்தோட வேகம், திசை ரெண்டையும் எடுப்பாங்க. ஒரு துகள் அந்த உயரத்துலேர்ந்து கீழ வர எவ்ளோ நேரமாகும், ஒவ்வொரு அடுக்குலயும் எவ்ளோ தூரம் தள்ளப்படும்னு அம்புக்குறிய ஒண்ணோட முனையில இன்னொண்ண ஒட்டி பேப்பர்ல வரைஞ்சுகிட்டே போனா கடைசி முனைதான் அது விழற இடம். பெரிய துகள் சீக்கிரம் பக்கத்துலயே விழுந்துடும், சின்னது ரொம்ப தூரம் போகும்.

முறையில தப்பு இல்ல, கணக்குக்கு உள்ள போடற நம்பர்லதான் பிரச்சனை. பலூன் விடற இடங்களுக்கு நடுவுல நூத்துக்கணக்கான கிலோமீட்டர் கடல், அங்க என்ன நடக்குதுன்னு ஊகம்தான். அப்புறம் மேகம் எவ்ளோ உயரம் போகும்னு தெரியணும், அதுக்கு குண்டோட சக்தி தெரியணும்.

நியூட்ரான்தம்பி:
அதான் பாயிண்ட். 6 மெகாடன் வரும்னு நெனச்சாங்க (ஒரு மெகாடன்னா பத்து லட்சம் டன் TNT வெடிமருந்துக்கு சமம்), வந்தது 15. குண்டு எரிபொருள்ல இருந்த லித்தியம்-7 சும்மா கெடக்கும்னு கணக்கு போட்டாங்க, அதுவும் சேந்து வேலை செஞ்சிடுச்சு. பவளப்பாறைய அப்படியே பொடியாக்கி மேல தூக்கிட்டு போச்சு, மேகம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வானிலை ஆளுங்கள திட்றதுல அர்த்தமே இல்ல.

பழையஃபைல்:
தம்பி பாதிதான் சொல்லிருக்கீங்க. வானிலை ஆளுங்கள திட்ட வேணாம், சரி. ஆனா வெடிக்கறதுக்கு முந்தின நாள் நள்ளிரவு மீட்டிங்லயே காத்து மோசமாகிட்டு வருதுன்னு சொல்லிட்டாங்க. நடு உயரங்கள்ல காத்து கிழக்க, அதாவது ரோங்கெலாப், ரோங்கெரிக் பக்கமா திரும்பிடுச்சு. தங்களோட கப்பல்கள தூரமா தள்ளி நிக்க சொன்னாங்க, தீவுல இருந்த ஜனங்கள முன்கூட்டியே வெளியேத்தல. விடிகாலை 6:45க்கு வெடிச்சாச்சு. அந்த மாசக் கடைசில அணுசக்தி கமிஷன் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் நிருபர்கள்கிட்ட காத்து கணிப்புப்படி போகலன்னு சொன்னார், நீங்க படிக்கற "திடீர்" கதைக்கு வேர் அங்கதான்.

ரோங்கெரிக்ல இருந்த 28 பேர் அமெரிக்க ராணுவ ஆளுங்க, பெரும்பாலும் வானிலை நிலையத்து வேலை. காத்து அளக்கப் போனவங்க தலையிலயே தூசி, அவங்க கதிர்வீச்சு அளக்கற கருவியோட முள்ளு கடைசிக்கே போய் நின்னுடுச்சு. அவங்கள மறுநாள் வெளியேத்திட்டாங்க, ரோங்கெலாப் ஜனங்க மார்ச் 3 வரைக்கும் அங்கயே. வெள்ளையா பொடி விழுது, குழந்தைங்க அதுல விளையாடுதுங்க, குடிக்கற தண்ணியிலயும் கலந்திருக்கு. ஜப்பான் மீன்பிடி படகு லக்கி டிராகன் அறிவிச்ச ஆபத்து எல்லைக்கு வெளியதான் இருந்துச்சு, 23 பேரும் பாதிக்கப்பட்டாங்க, ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பர்ல செத்துட்டார்.

கடல்காகம்:
அப்ப தள்ளி வெச்சிருக்கலாமே சார்? ஒரு நாள் ரெண்டு நாள்ல என்ன ஆகிடப் போகுது?

பழையஃபைல்:
வெச்சிருக்கலாம். சந்தேகமான கணிப்ப "பரவால்ல"ன்னு படிச்சது மேல இருந்தவங்க முடிவு, வரைபடம் போட்டவங்க முடிவு இல்ல. பிராவோவுக்கு அப்புறம் தடை எல்லைய பல மடங்கு பெருசாக்கினாங்க.

மேகக்கணக்கு:
அதுக்கப்புறமும் சரியாகலங்கறதயும் சேத்துக்கோங்க. 1956 ஜூலைல டேவான்னு ஒரு வெடிப்பு, பிகினிலதான், தூசி எனிவெட்டாக் தீவுல இருந்த அவங்க சொந்த முகாம் மேலயே வந்து விழுந்துச்சு. பிரெஞ்சுக்காரங்க பசிபிக்ல மொருரோவா தீவுல 1974 ஜூலை 17 சென்டோர்ங்கற குண்ட வெடிச்சப்ப நேர் எதிர் கதை, மேகம் நெனச்ச உயரத்துக்கு போகவே இல்ல, கீழ் அடுக்கு காத்துல மாட்டி வடக்க போகாம டஹிட்டி தீவு பக்கம் போயிடுச்சு. ஏறக்குறைய 42 மணி நேரம் கழிச்சுதான் அங்க சேந்துச்சு, எச்சரிக்க நேரம் தாராளமா இருந்துச்சு, அங்க இருந்த ஜனங்களுக்கு யாரும் சொல்லல.

நியூட்ரான்தம்பி:
சென்டோர் கேள்விப்பட்டதே இல்ல. உயரம் கம்மியானாலும் இதே பிரச்சனைன்னா சக்திய மட்டும் கொறை சொல்ல முடியாது, ஒத்துக்கறேன்.